நாய்க்குக் கொடுத்ததாகச் சொன்ன மருந்து

எங்கள் நாய்க்கு வயிறு பெருத்துத் தொங்கத் தொடங்கியபோது, அது குட்டி போடப் போகிறது என்று தோட்டத்து லயக் குடியிருப்புப் பெண்கள் சொன்னார்கள். கர்ப்பப்பை எடுத்துப் பல வருடமான கிழப் பெட்டை அது. வயிறு மட்டுமல்ல. விலாவில் முடி கொட்டித் தோல் மெலிந்து கறுத்துப்போயிருந்தது. வாளித் தண்ணீரை நக்கி முடித்துவிட்டு வெறும் வாளியை மூக்கால் தள்ளிக்கொண்டு வரும். பசியோ அடங்காது. பாண் துண்டு, தேங்காய்ப்பூ, அடுப்படியில் கிடக்கும் வெங்காயத்தோல் என்று எதையும் விடாது. பிறந்ததிலிருந்து வீட்டுக்குள் ஒரு சொட்டு மூத்திரம் விடாத நாய், தான் நனைத்த சாக்கிலேயே படுத்துக்கொண்டு எங்களைப் பார்க்க வெட்கப்பட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

கொஸ்லந்தைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து எல்லையில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அங்கே நானும் தங்கச்சியும் அந்த நாயும்தான். எனக்குப் பதுளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அங்கேயே போர்டிங்கில் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பகல் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, திங்கள் விடியும் முன்னே கிளம்பிவிடுவேன். தங்கச்சி வீட்டிலிருந்து துணி தைத்தாள். சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், மெஷினுக்குக் கீழே அவள் காலோடு ஒட்டிப் படுத்திருக்கும் நாயைத் தாண்டித்தான் அளவு கொடுக்க நிற்க வேண்டும்.

பண்டாரவளையில் ஒரு மிருக வைத்தியர் இருந்தார். சிங்களப் பெண், பொறுமையானவர். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பி, முடிவு வந்ததும் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். குஷிங் என்று ஒரு நோய். உடம்புக்குள் ஒரு சுரப்பு அளவுக்கு மேல் சுரக்கிறது. பசி, தாகம், வயிறு, முடி எல்லாம் அதனால்தான். குணமாக்க முடியாது, அடக்கிவைக்கலாம். தினமும் காலையில் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை, உயிர் உள்ள வரைக்கும்.

"ஒன்று கவனம்," என்றார். "அந்தச் சுரப்பு கூடினாலும் ஆபத்து, ஒரேயடியாகக் குறைந்தாலும் ஆபத்து. சாப்பிடாமல் இருந்தால், வாந்தி எடுத்தால், சோர்ந்து படுத்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்."

தங்கச்சிக்குச் சிங்களம் கேட்டால் விளங்கும், பேச வாய் வராது. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டு நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

முதல் சில நாட்கள் லீவு போட்டு நானே கொடுத்தேன். மருந்துக்கடையில் நாள் முழுக்க "சாப்பாட்டுக்கு முன்னம், சாப்பாட்டுக்குப் பிறகு" என்று ஊராருக்குச் சொல்கிறவள், என் வீட்டு நாயின் வாய்க்குள் ஒரு மாத்திரையைப் போட நடுங்கினேன். சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்ததும் மெல்லாமல் விழுங்கிவிட்டது. பிறகு பொறுப்பைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் பதுளைக்குப் போனேன்.

ஒவ்வொரு காலையும் கடை திறக்கும் முன் போன் எடுப்பேன்.

"குடுத்திட்டியா?"

"குடுத்தாச்சுக்கா. இன்னைக்கு நெத்திலிக்குள்ள வச்சேன். நெத்திலிய மட்டும் தின்னுட்டு மாத்திரைய துப்பிருச்சு, கள்ளி. திரும்ப ரொட்டியில சுத்திக் குடுத்தேன். போயிருச்சு."

இன்னொரு நாள், "வாயத் தொறக்கவே இல்லக்கா. மூக்கப் புடிச்சதும் ஒரு பார்வை பாத்துச்சு பாரு, மாமியார் மாதிரி."

நான் போனை வைத்துவிட்டுச் சிரிப்பேன். கடையில் என்னோடு வேலை செய்கிற பெண்ணுக்கும் சொல்லுவேன். நாய் மாத்திரை சாப்பிட்ட கதை அங்கே எல்லோருக்கும் பழகிவிட்டது. காலையில் நான் உள்ளே நுழைந்ததுமே, "இன்னைக்கு எதுல சுத்திக் குடுத்தாங்களாம்?" என்று கேட்பார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பார்த்த நாய் அப்படியேதான் இருந்தது. வயிறு வடியவில்லை. வாளி காலியாகிக்கொண்டுதான் இருந்தது. நான் கொண்டுபோகும் பையைத் திறக்கும் முன்னே அதன் தலை பைக்குள் இருந்தது.

"ஒரு மாத்தமும் தெரியலையே," என்றேன்.

"மருந்து மெதுவாத்தான் வேலை செய்யும்னு டாக்டர் சொன்னாங்கல்ல," என்றாள் தங்கச்சி. மாத்திரைப் புட்டியை எடுத்துப் பார்த்தேன். குறைய வேண்டிய மாதிரிக் குறைந்துதான் இருந்தது.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் இரத்த முடிவைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். சுரப்பு கொஞ்சமும் இறங்கவில்லை. "மாத்திரை ஒழுங்காகப் போகிறதா?" என்று கேட்டார். நான் தங்கச்சியிடம் திரும்பினேன்.

"ஒரு நாள்கூட விடலன்னு சொல்லுக்கா."

சொன்னேன். அதோடு நிறுத்தாமல், என் தங்கச்சி கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் நான் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டு மருந்தின் அளவைக் கூட்டி எழுதினார்.

அந்தச் சமயம் எனக்குக் கடையில் லீவு கிடைத்தது. தங்கச்சிக்கும் ஓய்வாக இருக்கட்டும் என்று, புது அளவை நானே கொடுக்கிறேன் என்றேன். அவள் அடுப்படி வாசலில் நின்று நான் சோற்றை உருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது ரொம்பக் கூட இல்லையா? பழைய அளவையே இன்னுங் கொஞ்ச நாளைக்குக் குடுத்துப் பாப்பமே."

"பழசு கேக்கலன்னுதான கூட்டியிருக்காங்க?"

"இல்ல, சும்மா சொன்னேன்," என்று உள்ளே போய்விட்டாள். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

நாய் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தது. வாளியில் மிச்சம் இருப்பதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. "பாரு, மருந்து புடிச்சிருச்சு!" என்று தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வாளியைப் பார்த்தாள், பிறகு நாயைப் பார்த்தாள்.

ஒரு காலை அது சோற்றை முகர்ந்துவிட்டு விலகியது. மஞ்சளாய் வாந்தி எடுத்தது. எழுந்து நிற்கப் பார்த்தபோது பின்னங்கால்கள் இரண்டும் வழுக்கிக்கொண்டு போயின. ஈறைத் தொட்டுப் பார்த்தேன், வெள்ளையாய்க் குளிர்ந்திருந்தது. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது போர்த்திக்கொள்ளும் பழைய கம்பளியில் நாயைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். பூனாகலை வழியாகப் பண்டாரவளைக்கு. மழை வேறு. பாதை உடைந்த இடங்களில் டிரைவர் மெதுவாக எடுக்க, நான் "போங்க அண்ணே, போங்க" என்று கத்திக்கொண்டு வந்தேன். தங்கச்சி நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் நரம்பில் சேலைன் ஏற்றி ஊசி போட்டார். நாய் மேசையில் துணி மாதிரிக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒன்று விளங்கவில்லை," என்றார். "பழைய அளவுக்கு இறங்கவே இறங்காத சுரப்பு, இவ்வளவு கூட்டினதற்கு இப்படிப் பாதாளத்துக்குப் போகுமா? முதலே கொஞ்சங்கொஞ்சமாக மருந்து போயிருந்தால் இப்படி விழாது. உண்மையைச் சொல்லுங்கள், பழைய மாத்திரை உள்ளே போனதா?"

தங்கச்சிக்கு நான் அதைத் தமிழில் சொல்லக்கூட இல்லை. நானே பதில் சொன்னேன். "போனது டாக்டர். நான் தினமும் போனில் கேட்டேன். ஒவ்வொரு நாளும் எப்படிக் கொடுத்தாள் என்றுகூட எனக்குத் தெரியும்."

"அக்கா," என்றாள் தங்கச்சி.

"பொறு."

"அக்கா, நான் குடுக்கல."

நான் அவளைப் பார்த்தேன். அவள் நாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீ போன பிறகு ரெண்டு நாள் குடுத்தேன். அப்புறம் அது சாப்பிடாம ஒரு மூலையில போய்ப் படுத்திருச்சு. கூப்பிட்டா வரல. பயமாப் போச்சு, நிப்பாட்டிட்டேன். நிப்பாட்டினதும் பழையபடி எம் பின்னாடியே வந்துச்சு. அதுக்கப்புறம் குடுக்க மனசு வரல."

"அப்ப புட்டியில இருந்தது?"

"காலையில ஒன்னொன்னா எடுத்து அடுப்புல போட்டேன். நீ வந்து பாப்பன்னு."

"என்ன சொல்கிறார்?" என்று டாக்டர் கேட்டார்.

அதை நான் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்சம் முன்னே அவளுக்காகச் சத்தியம் செய்யாத குறையாகப் பேசிய அதே வாயால், அவர் முகத்தைப் பார்த்து, "என் தங்கச்சி மருந்து கொடுக்கவில்லை. நெருப்பில் போட்டிருக்கிறாள்," என்று சொன்னேன். எனக்கு நல்ல சிங்களம் வரும், கடையில் பேசிப் பேசிப் பழகினது. அன்றைக்கு வார்த்தை தட்டுத்தடுமாறி வந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. "சாப்பிடாதபோது நிறுத்தினது சரிதான். நான் சொன்னதே அதுதான். ஒரு போன் எடுத்திருந்தால் போதும்," என்றார். இதையும் நான்தான் அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

நாய் பிழைத்தது. ஊசியும் சேலைனும் ஏறிய பிறகு தலையைத் தூக்கியது. சில நாள் மாத்திரை இல்லாமல் தேற விட்டு, மறுபடியும் மிகச் சின்ன அளவில் தொடங்கலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பேச வந்தது.

"நிப்பாட்டினத விடு. நெத்திலி, ரொட்டி, மாமியார் பார்வை, அதெல்லாம் என்னாது? அதையும் இட்டுக்கட்டினியா?"

"நீ கேட்டதும் சும்மா குடுத்தேன்னு சொன்னா நீ நம்பமாட்டியோன்னு நெனச்சேன்."

"நான் நம்பாம இருந்திருக்கேனா உன்னைய?"

"நீ ஞாயித்துக்கெழம வாறவக்கா. மத்த நாளெல்லாம் இந்த வீட்டுல எங்கூட இருக்கிறது அது ஒன்னுதான். அது பசியிலதான் எம் பின்னாடி சுத்துதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். அது போதும்னு இருந்தேன்."

அவள் சொன்னது பொய்யில்லை. அது பொய்யில்லை என்று தெரிந்ததால் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. மருந்து கொடுக்க மனம் வராதவளை நான் மன்னித்திருப்பேன். நான் புதிய அளவைச் சோற்றில் உருட்டியபோது வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் மெஷினை மிதித்தாளே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் நாய் அந்த மேசைக்குப் போயிருக்காது. மேசைக்கு அனுப்பிய கை என்னுடையது. அவள் அதைத் தெரிந்தே என் கையில் விட்டிருந்தாள்.

போர்டிங்கை விட்டுவிட்டு, பதுளையில் முன்பக்கம் கொஞ்சம் முற்றம் உள்ள ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தேன். நாயைக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னபோது தங்கச்சி மறுக்கவில்லை. அதன் சாக்கைத் துவைத்துக் காயவைத்து மடித்துக் கொடுத்தாள். ஆட்டோ வந்தபோது வெளியே வரவில்லை.

இப்போது காலையில் நானே கொடுக்கிறேன். கஞ்சியில், சில நாள் வெறும் கையால். வயிறு சுருங்கிவிட்டது. விலாவில் முதலில் பஞ்சு மாதிரி, பிறகு பழைய பழுப்பு நிறத்திலேயே முடி வளர்ந்தது. தண்ணீரை அளவாகக் குடித்துவிட்டு முற்றத்து வெயிலில் போய்ப் படுத்துக்கொள்கிறது. யாரிடமும் ஒட்டாது. என்னிடமும்தான்.

போன பொங்கலுக்குத் தங்கச்சி வந்தாள். முன்கூட்டிச் சொல்லவில்லை. வாசல் படலையில் அவள் குரல் கேட்டதும் நாய் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். இந்த வயதில், வலிக்கிற காலோடு, ஓடிப்போய் அவள்மேல் ஏறி, சேலையைக் கவ்வி, முனகி, மூத்திரமே விட்டுவிட்டது. அவள் கையில் தின்ன ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பசி அடங்கிய நாய், எதற்கும் யாரையும் தேடாத நாய் என்று நான் நினைத்திருந்தேன். உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றேன். அந்த நாயின்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

சாப்பிட்டோம். ஊர்க் கதை பேசினாள், நான் கேட்டேன். பின்னேர பஸ்ஸுக்கு அவள் கிளம்பியபோது நான் இருந்துவிட்டுப் போ என்று சொல்லவில்லை. நாய் ரோடு வரைக்கும் அவளோடு போனது. கூப்பிட்டேன். இரண்டாவது தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வந்தது.