இன்னும் தயாராகாத துப்பாக்கி

சனிக்கிழமை காலையில் கடையைத் திறந்து, ஸ்டவ்வில் விறகு போட்ட கையோடு வெர்லின் ப்ரூயட் செய்கிற முதல் வேலை, நன்றாக இருக்கிற ஒரு துப்பாக்கியைக் கழற்றிப் போடுவது. இரும்புப் பெட்டியிலிருந்து அதை வெளியே எடுக்கிறார். மேஜைமேல் பச்சைத் துணி விரிக்கிறார். திருகாணிகள் ஒரு தகர மூடியில், ஸ்பிரிங் இன்னொரு மூடியில், குழல் தனியாக, கட்டை தனியாக. பிறகு எண்ணெய்த் துணியும் கையுமாக எதையோ துடைப்பவர்போல் உட்கார்ந்துகொள்கிறார். பத்து மணி வாக்கில் ராய்ஸ் கெல்லர் வருவான்.

"ஆச்சா பெரியவரே?"

"எங்கப்பா ஆச்சு? ஸ்பிரிங் வரலையே!"

அவன் வண்டி சாலையில் திரும்பி மறைந்ததும் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகப் பூட்டிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். ஒரு துப்பாக்கியைப் பிரித்துப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க அவரால் முடியாது. ஐம்பது வருஷத் தொழிலில் அப்படி ஒரு நாளும் செய்ததில்லை.

மிசூரியின் தெற்கே இந்த ஓசார்க் மலைப்பக்கத்தில் வெர்லினைப் பற்றி வெளியாள் யாரும் புகழ்ந்து பேச வேண்டிய தேவை வருவதில்லை. அந்த வேலையை அவரே பார்த்துக்கொள்கிறார். "எட்டாவதோட நிறுத்திட்டேன். அதுக்கு மேல போயிருந்தா என்னையும் எவனாவது மேனேஜர் ஆக்கிக் கெடுத்திருப்பான்" என்பார். கோழிக் கொட்டகையாக இருந்த இடத்தைக் கடையாக்கியவர். கூரைத் தகடு அவர் அடித்தது, தரைப் பலகை அவர் அறுத்தது. எந்த வங்கிப் படியையும் மிதித்ததில்லை. கழுத்தே தெரியாத தடித்த உடம்பு, தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி. தேவாலயத்தில் பாட்டு நடக்கும்போதுகூட அது பையில் குத்திக்கொண்டிருக்கும்.

"காலையில குடுத்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி வாங்கிக்கலாம்." இது அவர் வாய்வார்த்தை. வார்த்தையை ஒரு தடவையும் தவறவிட்டதில்லை. மூன்று கவுண்டி மாவட்டங்களில் இருந்து ஆட்கள் வந்தது அதற்காகத்தான்.

துப்பாக்கிக் கடை நடத்த வாஷிங்டன் மத்திய அரசு கொடுக்கிற உரிமத்தை எல்லாக் கடைக்காரர்களும் கல்லாவுக்கு மேலே மாட்டுவார்கள். வெர்லின் அதைக் கழிவறைக்குள் மாட்டியிருக்கிறார். ஒரு தடவை சோதனைக்கு வந்த வாஷிங்டன் அதிகாரி, "உரிமம் எங்கே?" என்று கேட்டதற்கு, "உள்ள போய் உக்காருங்க, எதிர்லயே தெரியும்" என்றார். காபி குடிக்க வருகிற கிழவர்கள் அந்தக் கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கல்லாவுக்கு மேலே இருப்பது ஒரு போட்டோ. மாநிலத் தலைநகரத்தில், சட்டமன்ற விசாரணை அறையில், மைக்கின் முன்னால் வெர்லின் விரலை நீட்டிக்கொண்டு பேசுகிறார். துப்பாக்கி விஷயத்தில் வாஷிங்டன் போடுகிற சட்டங்களை நம் போலீஸ்காரன் கையால் நடத்தக் கூடாது, அதற்கு உதவினால்கூட அந்தக் கவுண்டிப் போலீஸான ஷெரீப் ஆபீஸ் பெரிய அபராதம் கட்ட வேண்டும் என்று மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தபோது, அதற்கு ஆதரவாகப் பேச இந்த ஊர் அனுப்பிய ஆள் அவர். கோட்டு சூட்டுப் போட்ட வக்கீல்கள் நடுவில் நின்று அவர் சொன்னது ஊரில் பாதிப் பேருக்கு மனப்பாடம்: "என் வாசல்ல வந்து என் துப்பாக்கியக் குடுன்னு கேக்கற ஆள் இன்னும் பொறக்கலைய்யா." சட்டம் நிறைவேறிய அன்று கடையில் எல்லாருக்கும் அவர் செலவில் பன்றிக் கறி.

அந்தப் போட்டோவுக்குக் கீழே வந்து நின்றுதான் அக்டோபரில் மார்லா பேசினாள். ராய்ஸின் மனைவி, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தாடையில் ஒரு பக்கம் இன்னும் வீக்கம் வடியாமல் இருந்தது. அதைச் செய்தது ராய்ஸ்தான் என்பது ஊருக்கே தெரியும். நீதிபதி முன்னால் அவனே ஒத்துக்கொண்டிருந்தான். சில நாள் உள்ளே இருந்துவிட்டு வந்துவிட்டான். அவள் இப்போது தன் தங்கை வீட்டில் தங்கியிருந்தாள்.

"அவன்கிட்ட அவங்கப்பாவோட துப்பாக்கி இருக்கு" என்றாள்.

"இருக்கட்டுமே அம்மாடி. அவன் பொருள்."

"பொண்டாட்டிய அடிச்சேன்னு கோர்ட்டுல ஒத்துக்கிட்டவன் துப்பாக்கி வெச்சிருக்கக் கூடாதுன்னு வாஷிங்டன் சட்டத்துல இருக்காம். நம்ம மாநிலத்துல அப்படி ஒண்ணு இல்லையாம். ஷெரீப்போட டெபுடி லோனிகிட்டப் போய் நின்னேன். 'நான் கை வெச்சா ஆபீஸுக்கு அபராதம் வரும் மார்லா, வக்கீலக் கேட்டா அவருக்கே தெளிவாத் தெரியல'ங்கறான். தலைய நிமிந்துகூடப் பாக்கல."

"அப்ப நேரா வாஷிங்டன் ஆளுங்ககிட்டயே சொல்லிடேன்."

இதைச் சொல்லும்போது வெர்லினுக்கே வாய் கசந்தது.

"நாலு வண்டியில வந்து எறங்குவாங்க. ராய்ஸ் அப்பவே ஓடி அந்தத் துப்பாக்கியோட மொதல்ல எந்த வீட்டுக்கு வருவான்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவள் போட்டோவை அண்ணாந்து பார்த்தாள்.

"இது நீங்க பேசி வாங்கின சட்டம்."

"ஆமா. நாளைக்குக் கூப்பிட்டாலும் போய்ப் பேசுவேன்."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். உங்களத் தவிர வேற யார் கேட்டாலும் அவன் குடுக்க மாட்டான்."

மறுநாளே வெர்லின் வண்டியை எடுத்துக்கொண்டு ராய்ஸ் வீட்டுக்குப் போனார். மான் வேட்டை சீசனுக்கு முன்னால் எல்லாரும் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டிச் சரிபார்த்துக்கொண்டு போவது இங்கே வழக்கம். ஆனால் வெர்லின் ப்ரூயட் ஒருவன் வீட்டுக்குத் தேடி வந்து கேட்டதாகச் சரித்திரம் கிடையாது. ராய்ஸுக்கு அது பெருமையாகிவிட்டது. பார்த்தால் கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் ராய்ஸை. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைப்பவன். அவனிடம் இருந்த மற்றத் துப்பாக்கிகளை வண்டி இன்ஜினுக்காகக் கோடையிலேயே விற்றிருந்தான். அப்பாவுடையது மட்டும் படுக்கைக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது. அதைக் குழந்தையைத் தருவதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தான்.

"அப்பா உங்களப் பத்தித்தான் பேசுவாரு. வெர்லின் தொட்டா துரு ஓடிப்போயிடும்பாரு."

"உங்கப்பன் வெவரம் தெரிஞ்ச ஆளு" என்று வாங்கிக்கொண்டார் வெர்லின். திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தை அவரை உறுத்தியது.

அந்தத் துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் தரக்கூடியதுதான். முதல் சனிக்கிழமை, ட்ரிகர் தேய்ந்திருக்கிறது என்றார். அடுத்த சனிக்கிழமை ஸ்பிரிங். நவம்பரில் மான் சீசன் தொடங்கிய அன்று, ஊரே வேட்டைக்கான ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குள் போனபோது, ராய்ஸ் மட்டும் கடை வாசலில் தன் வண்டியில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியை இறக்கவில்லை.

பேச்சு பரவியது. காபி குடிக்கிற கிழவர்கள் முதலில் கேலி செய்தார்கள்.

"என்னய்யா வெர்லின், ஒரு ஸ்பிரிங்குக்கு சீசனே போச்சே! கோழி மறுபடி குடிவந்துடுச்சா கடைக்குள்ள?"

"ஒன் பல்செட்ட மொதல்ல இறுக்கு, அப்புறம் என் கடையப் பேசு" என்று அவர் திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அந்தக் கேலியும் நின்றுவிட்டது. அதுதான் அவரை அறுத்தது. அவர் உள்ளே வரும்போது பேச்சை மாற்றினார்கள். காலம்காலமாக அவரிடம் வந்த ஒருவன் பக்கத்து கவுண்டியில் இருக்கிற கடைக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோனான். கண்ணில் பட்டபோது, "அந்தப் பக்கமா ஒரு வேலை இருந்துச்சு" என்று கேட்காமலே காரணம் சொன்னான். வெர்லினுக்கு வயதாகிவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் மானம் திரும்பி வந்துவிடும். சொன்ன வார்த்தை சாயங்காலத்துக்குள் ராய்ஸ் காதுக்குப் போய்விடும். எழுபத்தாறு வருஷம் தன்னைப் பற்றிப் பேசியே வளர்ந்த மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டார்.

வீட்டில் மனைவி நாடீனுக்கு மட்டும் தெரியும். அவள் தட்டில் சூடான பிஸ்கட் ரொட்டியும் கறிக் குழம்பும் வைத்துக்கொண்டே ஒரு நாள் கேட்டாள்.

"அப்ப அந்தச் சட்டம் தப்புதானே?"

"சட்டம் சரி. ராய்ஸ்தான் தப்பு."

"ரெண்டும் இதே ஊருலதான இருக்கு."

அவர் குழம்பை வழித்துச் சாப்பிட்டார். டிசம்பர் முதல் வாரம் அவள்தான் சேதியும் கொண்டுவந்தாள். அயோவா மாநிலத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் மார்லாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் அவள் அண்ணன் வந்து அழைத்துப் போகிறான். தேவாலயத்தில் பெண்கள் வழியனுப்பு விருந்தே வைத்துவிட்டார்கள். அப்படியென்றால் ராய்ஸுக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை ராய்ஸ் தனியாக வரவில்லை. பின்னாலேயே லோனி, டெபுடி உடுப்பில், தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான். ஸ்டவ்வைச் சுற்றியிருந்தவர்கள் காபிக் குவளையைக் கீழே வைத்தார்கள்.

"ஸ்பிரிங் கதையெல்லாம் போதும் பெரியவரே" என்றான் ராய்ஸ். "இருக்கற மாதிரியே குடுங்க. வேற ஆள்கிட்ட காட்டிக்கறேன்."

"அண்ணே" என்றான் லோனி. "அவன் பொருள். அவன் கேக்கறான். வெச்சுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. என்னைச் சங்கடத்துல விடாதீங்க."

வெர்லின் துணியை மடித்து வைத்தார்.

"சீசன்தான் முடிஞ்சு போச்சே தம்பி. இன்னைக்கே வேணும்னு என்ன அவசரம்?"

ராய்ஸ் தன் தொப்பியின் விளிம்பைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். ஸ்டவ்வுக்குள் விறகு வெடித்தது. லோனி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள் என்பது அவனுக்கும் தெரியும்.

"துப்பாக்கியக் கேக்கற ஆள் பொறக்கலைன்னு சொன்னவர் நீங்க" என்றான் ராய்ஸ் கடைசியில். சுவரிலிருந்த போட்டோவைக் காட்டினான். "அதோ, அங்க நின்னு சொன்னீங்க. எங்கப்பா துப்பாக்கிய நீங்களே வெச்சுக்கிட்டா என்ன அர்த்தம்?"

"சொன்னேன். இல்லைன்னு சொல்லல. குடுக்கறேன், உக்காரு" என்றார் வெர்லின். "ஆனா துண்டு துண்டா எந்தத் துப்பாக்கியும் இந்த வாசலத் தாண்டிப் போனதில்ல. ஒண்ணாப் பூட்டித்தான் தருவேன்."

எழுந்து நின்று பூட்டத் தொடங்கினார். கட்டை, குழல், ஸ்பிரிங். கடைசியாக, அரிசி நீளத்துக்கு ஒரு பின். அது இல்லாமல் அந்தத் துப்பாக்கி சுடாது. அதைச் செய்த கம்பெனி மூடி வெகுகாலம் ஆகிறது. கையால் அராவித்தான் இன்னொன்று செய்ய வேண்டும். இந்த விவரம் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். வெர்லின் அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அது விரலிலிருந்து நழுவியது. பலகையில் டிக்கென்று ஒரு சத்தம்.

"போச்சு" என்றார்.

"என்ன போச்சு?"

"விழுந்துடுச்சு." ஊர் முழுவதும் கேட்கட்டும் என்பதுபோல் உரக்கச் சொன்னார். "கண்ணு தெரியலடா ராய்ஸ். கை நிக்க மாட்டேங்குது. நீங்கல்லாம் முதுகுக்குப் பின்னாடி பேசிக்கறது நெசந்தான். வெர்லின் ப்ரூயட்டுக்கு ஒரு பின்னைப் பிடிக்கத் துப்பில்ல."

கிழவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். ராய்ஸ் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே மண்டியிட்டு மேஜைக்கு அடியில் தடவினான். லோனியும் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தான். வெளிச்சம் பலகை இடுக்கு இடுக்காக ஊர்ந்து வந்தது. விறகுத்தூள், பழைய தோட்டா உறை, ஒரு சட்டைப் பித்தான். வெர்லினின் இடது பூட்ஸ் வரைக்கும் வந்து நின்றது. பூட்ஸ் விளிம்புக்குக் கீழே நூல் அளவுக்கு ஏதோ மினுங்கியது.

லோனி அண்ணாந்து பார்க்கவில்லை. வெளிச்சம் மட்டும் மெல்ல விலகி ஸ்டவ்வுக்கு அடியில் போனது.

"இங்க இல்ல ராய்ஸ்" என்றான். "அந்தப் பக்கம் பாக்கலாம் வா."

வெர்லின் மேஜை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் இடது காலுக்கு மாற்றிக்கொண்டார்.