பிணைப்பு என்று வாசித்தாள்

என் கையெழுத்து கோணல். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்னும் பிடிபடவில்லை. ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துப் படிக்க வேண்டும்.

2004 மார்கழியில், மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன என் மனைவியை அலை கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. நான் வேலை செய்யும் உப்பளத்தில் அலை விட்டுப்போன சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, கோடையில் பாத்திகளுக்கு மறுபடி தண்ணீர் கட்டினோம். உச்சி வெயிலில் தண்ணீர் மேல் மெல்லிய ஏடு படியும். உப்பு பூக்கிறது என்போம். அந்த வருடம் பலகையால் அதை இழுக்கும்போதெல்லாம் அவளைத்தான் இழுக்கிறேன் என்று தோன்றியது. வீட்டில் உப்புச் சேர்ப்பதை நிறுத்தினேன்.

"ஏம்பா, உப்பளத்துல நின்னுக்கினு உப்பில்லாத கஞ்சியா? கைய நக்கிக்கினே குடி, சரியாப்பூடும்!" என்று கூட வேலை செய்தவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டில் ஒரே சட்டிதான். பத்தாவது படித்த மகளும் உப்பில்லாமல்தான் தின்றாள். இளைத்துப்போனாள். வெயிலில் நடந்து வந்தவள் ஒருநாள் வாசலிலேயே மயங்கி விழுந்தாள். அப்படியும் உப்புச் சாடியைத் தொட எனக்குக் கை வரவில்லை.

ஒரு ஞாயிறு காலை, குழம்பைக் கொதிக்கவிட்டு அவள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பாதி வார்த்தைதான் காதில் விழுந்தது.

"யாரு பொணம்? கெடச்சிடுச்சா?" என்று எழுந்துவிட்டேன்.

அவள் முகம் வெளுத்தது. "பொணம் இல்ல நைனா. பிணைப்பு. உப்பு எப்படி உண்டாவுதுன்னு பாடம்."

"எப்படி?"

"சோடியம் தன்கிட்ட இருக்கிற ஒரு எலக்ட்ரான குளோரினுக்குக் குடுத்துடும். குடுத்ததும் வாங்குனதும் ஒண்ண ஒண்ணு இழுத்துப் புடிச்சிக்கும். அதான் உப்பு. உள்ள வேற யாரும் இல்ல நைனா."

"தண்ணில போட்டா?"

"பிரிஞ்சிடும்."

"அப்ப குடுத்தத திருப்பி வாங்கிக்குமா?"

"வாங்காது. தனியா போனாலும் குடுத்தது குடுத்ததாவே இருக்கும். தண்ணி வத்துனா மறுபடி சேரும்."

"அதேகூடவா?"

புத்தகத்தைப் புரட்டினாள். "அது போடல."

பிறகு உப்புச் சாடியை எடுத்து வந்து என் முன்னால் நின்றாள். "போடட்டா?"

தலையை ஆட்டினேன். அன்று அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். நானும் தின்றேன், நாக்கு எரிந்தது.

உப்பில் அவள் அம்மா இல்லை என்று படித்த பிள்ளை சொல்கிறது. ஆனாலும் பாத்தி பூக்கும் நேரத்தில் பலகையை நான் சத்தமில்லாமல்தான் இழுக்கிறேன்.

26.2.2006, ஞாயிறு.