அப்பா பேரில் வாங்கிய சத்தம்

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் அப்பா பேரில்தான் வாங்குவோம். நிலப் பட்டா அவர் பேரில். பம்புசெட் மின் இணைப்பு அவர் பேரில். கேஸ், வீட்டு வரி, நான் என் சம்பளத்தில் வாங்கிய பைக்கும்கூட அவர் பேரில்தான். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான். பெரியவர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மகன் தன் பேரைப் போட்டுக்கொள்வது அவரைச் சீக்கிரம் கிளம்பச் சொல்வது மாதிரி என்று ஒரு கூச்சம். இந்த வழக்கத்தில் ஒரு வசதியும் உண்டு. அப்பாவுக்கு என்று சொல்லிவிட்டால் அந்தச் செலவை வீட்டில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த வசதியை நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். மாலையில் வந்து வயலையும் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு நீண்ட நாட்களாக ஒரு நமைச்சல்: வீட்டுக் கூடத்திலேயே சுவர் நிறையப் படம் பார்க்க வேண்டும், சத்தம் நெஞ்சில் இடிக்க வேண்டும். யார் யாரோ புரொஜெக்டரைப் பிரித்துக் காட்டும் வீடியோக்களைப் பேப்பர் திருத்தும் நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த மாடலில் மின்விசிறி இரைச்சல் அதிகம், எதில் கறுப்பு கறுப்பாகத் தெரியாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வாங்கத்தான் துணிச்சல் இல்லை, ஏனென்றால் என் மனைவியிடம் என்ன சொல்வது?

அப்பாவுக்குக் காது மந்தம். வாலிபம் முழுக்க அரிசி மில்லில் இயந்திரம் ஓட்டியவர். அந்தக் கூலியில்தான் இப்போதிருக்கும் நிலம் வந்தது, என் படிப்பும் வந்தது, காதும் போனது. செவிட்டு மெஷின் வாங்கிக் கொடுத்தோம். விசிலடிக்கிறது என்று கழற்றி டப்பாவில் போட்டவர் அப்புறம் எடுக்கவில்லை. டிவியை முழுச் சத்தத்தில் வைத்துத்தான் பார்ப்பார். படம் என்றால் அவருக்கு உயிர். என் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருடம் ஒருநாள் நான் ரிமோட்டைப் பிடுங்கி, "ஊருக்கே கேக்குது, கொஞ்சம் கொறைங்கப்பா!" என்று கத்திவிட்டேன். அன்றோடு அவர் டிவி பார்ப்பதையே விட்டுவிட்டார். சாயங்காலமானால் பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டாலும் வர மாட்டார்.

குறுவை நெல் விற்ற பணம் கையில் வந்தபோது புரொஜெக்டர் பேச்சை எடுத்தேன்.

"இப்ப இதுக்கு என்ன அவசரம்? கொல்லையில ஷீட்டு ஒழுகுது" என்றாள் மனைவி.

"அப்பாவுக்குத்தாண்டி. பாவம், டிவி பக்கமே வர்றதில்ல. இதுல பெருசா தெரியும். சத்தமும் நல்லா கேக்கும்."

அவள் முகம் இளகியதைப் பார்த்தேன். "மாமாவுக்குன்னா வாங்குங்க" என்றாள். அவ்வளவு சுலபத்தில் முடியும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் உறுத்தியது. ஆனால் தஞ்சாவூர் பஸ் ஏறுவதற்குள் அந்த உறுத்தல் போய்விட்டது, இதை நான் மறைக்க முடியாது.

கடையில் நான் புலியாக இருந்தேன். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் எதையெதையோ போட்டு விற்கும் மலிவு புரொஜெக்டர்களை ஓரமாக ஒதுக்கச் சொன்னேன். உண்மையான தெளிவு எவ்வளவு, உண்மையான வெளிச்சம் எவ்வளவு என்று குடைந்து, நடுத்தர விலையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். திரை வாங்கவில்லை. கூடத்துச் சுவருக்கு மினுமினுப்பில்லாத வெள்ளை பெயிண்ட் இரண்டு கோட்டு அடித்தால் போதும் என்று முடிவு செய்ததில் கொஞ்சம் பணம் மிஞ்சியது. அதில் ஒலிக்கு இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். ஒன்று, நீளமாகச் சுவரோரம் வைக்கிற சவுண்ட் பார். பேச்சை மட்டும் எடுப்பாக்க அதில் தனியாக ஒரு பட்டன் உண்டு. இன்னொன்று, ஐந்து சின்ன ஸ்பீக்கரும், இடிச் சத்தத்துக்கென்றே குடம் பெரிசுக்கு ஒரு சப்வூஃபர் பெட்டியும் சேர்ந்த செட்.

கடைக்காரர் சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் இரண்டையும் போட்டுக் காட்டினார். சவுண்ட் பாரில் யாரோ இரண்டு பேர் சமையலறையில் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. அடுத்து அந்தச் செட்டில் ஹெலிகாப்டர் ஒன்று வந்தது. என் சட்டைப் பித்தான் அதிர்ந்தது.

"யாரு சார் அதிகமா பாப்பாங்க?" என்று கேட்டார்.

"வீட்ல எல்லாரும்தான்" என்றேன். அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பா என்று சொல்லியிருந்தால் அவர் எதை எடுத்துக் கொடுத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை. பில் யார் பேரில் என்று கேட்டபோது மட்டும் தயங்காமல் அப்பா பேரைச் சொன்னேன்.

முதல் படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சுவரில் படம் அற்புதமாக விழுந்தது. அப்பாவை வாசலிலிருந்து கையைப் பிடித்து அழைத்து வந்து நடு நாற்காலியில் உட்கார வைத்தோம். சப்வூஃபர் பெட்டி உறுமியதும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, அலமாரியில் பித்தளைச் சொம்பு தாளம் போட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இடைவேளையில் மனைவி அப்பாவின் காதருகே குனிந்து, "கேக்குதா மாமா?" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தே சொன்னார்: "நல்லா கேக்குதும்மா."

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் படம். அப்பா நாங்கள் கூப்பிடுவதற்கு முன்பே வேட்டி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். சிரிப்புக் காட்சியில் சிரிப்பார். சண்டை வந்தால் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். மனைவி அதைப் பார்த்துப் பூரித்துப்போவாள். என்னிடம் அவளுக்கு ஒரு புது மரியாதையே வந்திருந்தது. சொந்தக்காரர்களிடம், "மாமாவுக்காகவே வாங்குனாருங்க" என்று போனில் சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டே நான் பேப்பர் திருத்துவேன். நாலைந்து வாரம் போனதும் எனக்கே அது உண்மை போலத் தோன்ற ஆரம்பித்தது.

தை மாதம் சம்பா அறுவடை நேரத்தில் மழை வரும் என்று செய்தியில் சொன்னார்கள். கொள்முதல் நிலையத்தில் ஏற்கெனவே நெல் மலையாகக் குவிந்திருந்தது. எங்களுக்கு டோக்கன் வரவில்லை. களத்தில் போட்டு வைத்து நனையவிட முடியுமா? காய்ந்தவரைக்கும் போதும் என்று சாக்கில் பிடித்து வீட்டுக்கே கொண்டுவந்து, கூடத்தில் இரண்டு பக்கச் சுவரோரமும் பின்பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கினோம். நடுவில் நாலு நாற்காலி போட இடம் இருந்தது. வீடு முழுக்க நெல் சுணை. மனைவி தும்மிக்கொண்டே திட்டினாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டதே. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு சிரிப்புப் படம் போட்டோம். ஒரு கல்யாணப் பந்தி. நகைச்சுவை நடிகர்கள்கூட யாரும் இல்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பக்கத்து இலைக்காரரிடம் முணுமுணுக்கிறார்.

அப்பா குபீரென்று சிரித்தார்.

நாங்கள் இன்னும் சிரிக்கவில்லை. மூன்று பேரும் திரும்பி அவரைப் பார்த்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளையத்தான் நல்லதா பாக்கல, மாம்பழத்தையாவது நல்லதா வாங்கியிருக்கலாமாம்! எப்படிச் சொல்றான் பாரு!" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவர் சிரித்தது நாங்கள் சிரித்த பிறகு. என் மகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

காரணமும் உடனே விளங்கிவிட்டது. கிரானைட் தரை, வெற்றுச் சுவர், கான்கிரீட் கூரை. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறி விழும். போதாக்குறைக்கு என் பெட்டி வேறு உறுமும். காது நன்றாக இருக்கிறவர்கள் சமாளித்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு அது எல்லாம் சேர்ந்த ஒரே இரைச்சல், பழைய மில் மாதிரி. இப்போது சாக்கு மூட்டைகள் அந்தச் சத்தத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டதும் பேச்சு தனியாகக் கேட்டிருக்கிறது. இதற்கு எதிர்முழக்கம் என்று பேர். வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன். தியேட்டர் சுவரில் ஏன் மெத்தை மாதிரி ஒட்டியிருக்கிறார்கள் என்று இரண்டு மதிப்பெண் கேள்வியும் கேட்கிறேன். வெட்கக்கேடு.

அப்பாவோ குஷியில் இருந்தார். படத்தை நிறுத்தச் சொன்னார். "அந்த மொதப் படத்துல, பச்சைப் புடவை கட்டுன பொண்ணு, அது அவனுக்குத் தங்கச்சியா, சம்சாரமா?" என்று மகளிடம் கேட்டார். அவள் சொன்னாள். "தீபாவளி அன்னிக்குப் பாத்தோமே, அதுல அந்தக் கிழவன் ஏன் ஊரை விட்டுப் போறான்?" அதையும் சொன்னாள். அப்புறம் இன்னொரு படம், இன்னொன்று. பார்த்த ஒவ்வொரு படத்திலும் அவரிடம் கேள்வி இருந்தது. எல்லாம் அடிப்படைக் கேள்விகள். யார் யாருக்கு என்ன உறவு, யார் செத்தது, கடைசியில் எதற்கு அழுதார்கள். இத்தனை கேள்விகளையும் வாரக்கணக்கில் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, நல்லா கேக்குது நல்லா கேக்குது என்று சொல்லி வந்திருக்கிறார்.

மனைவி மெதுவாகக் கேட்டாள். "நல்லா கேக்குதுன்னு சொன்னீங்களே மாமா?"

அப்பா சட்டென்று அடங்கிவிட்டார். "கேட்டுச்சும்மா" என்றார். "சத்தம் கேட்டுச்சு."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

தீர்வு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. அந்த வாரமே பரணில் கிடந்த ஜமுக்காளங்களை எடுத்து மூன்று சுவரிலும் மாட்டினேன். சப்வூஃபர் சத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். மூட்டை இல்லாமலே இப்போது அப்பாவுக்குப் பேச்சு முக்கால்வாசி கேட்கிறது. ஒரு ஜமுக்காளத்தில் தீர்கிற விஷயத்துக்கு அந்த மனிதர் அத்தனை வாரம் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ஆனால் என்னால் தீர்க்க முடியாதது அதற்கு முன்னால், மூட்டைகள் வெளியே போன அன்று காலையில் நடந்தது.

டோக்கன் வந்து லாரியும் வந்துவிட்டது. ஆட்கள் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி சப்வூஃபர் பெட்டியைக் காட்டி என்னிடம், எல்லோர் எதிரிலும், ஆனால் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"யாருக்குங்க வாங்குனீங்க இத?"

மில் இரைச்சலில் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகியவர் அப்பா. அவள் கேட்டது அவருக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"எனக்குத்தாம்மா வாங்குனான். சின்னதா ஒண்ணு போதும்னுதான் சொன்னான் அவன். நாந்தான், வாங்குறது வாங்குற, பெரிய பெட்டியா பாத்து வாங்குடான்னேன். நல்லா அதிரணும்னு எனக்கு ஒரு ஆசை."

அப்படி ஒரு பேச்சே எங்களுக்குள் நடக்கவில்லை. கடைக்குப் போவதை அவரிடம் நான் சொன்னதுகூட இல்லை. மனைவி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் நம்பவில்லை என்பது அப்பாவுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அவர் விடவில்லை. கையால் என் தோளைத் தொட்டு, "சொன்னேனா இல்லியாடா?" என்றார்.

நான் நாற்பத்தைந்து வயது ஆள். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"ஆமாப்பா, நீங்கதான் சொன்னீங்க" என்றேன்.