கிணற்றடிக்குக் கேட்கும் கிற்றார்

வலக்காற் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டுத்தான் எமில்ராஜ் அண்ணை பெட்டியை மிதிப்பார். உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. பெருவிரலை மட்டும் அதன்மேல் வைத்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பப் பயந்தவர் போல மெல்ல அழுத்துவார். ஒரு சிவப்பு வெளிச்சம் எரியும். தோளில் தொங்குவது சிவப்புநிற மின்கிற்றார். எங்கள் ஊர் வழக்கில் கரண்ட் கிற்றார். ஆனால் ஸ்பீக்கரிலிருந்து வருவது மரக்கிற்றாரின் சத்தம்.

"செருப்போடை மிதிச்சால் உடைஞ்சுபோமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"உடையாது தம்பி. பொய் சொல்லப் போறம் எண்டு காலுக்கும் விளங்கோணும்," என்றார்.

அச்சுவேலியில் மோட்டர் எமில் என்றால்தான் அவரைத் தெரியும். தோட்டக்காரரின் தண்ணீர்ப் பம்பிகளில் எரிந்துபோன மோட்டர்களுக்குப் புதிதாகச் செப்புக்கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். மோட்டரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, "வெங்காயம் வாடுது எமில்" என்று கெஞ்சுகிறவர்களுக்கு வேலை இன்னும் ஒருநாள் பிந்தும். கெஞ்சாமல் அமர்ந்து ஊர்க்கதை கதைக்கிறவர்களுக்கு அன்றைக்கே முடியும். மோட்டரைத் திறந்தவுடன் மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்து, எந்தப் பக்கம் எரிந்தது என்று சொல்வார். பாதி நேரம் பிழையாகிவிடும். பிழையை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

எங்கள் வீட்டு மோட்டர் அடிக்கடி எரியும். "உங்கடை மோட்டர் தானா எரியிறேல்லை தம்பி, இவரோடை கதைக்கிறதுக்கு நீங்கள்தான் எரிக்கிறனீங்கள்," என்பார் எமில் அண்ணையின் மனைவி றெஜினா அக்கா. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

இளம் வயதில் அவர் கல்யாண வீடுகளுக்குப் போகிற இசைக்குழுவில் இருந்தவர். மினுங்குகிற நீலச் சேட்டும் அகலக்கால் களுசானும் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கும் படம் ஒன்று பட்டறைச் சுவரில் இருக்கிறது. யாராவது பார்த்துச் சிரித்தால், "சிரிக்காதை, உந்தச் சேட்டைப் பாத்துத்தான் றெஜினா ஓமெண்டவ," என்பார். குழு கலைந்து கனகாலம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிப்பது மட்டும் மிச்சம்.

தவக்காலம் தொடங்கினால் எங்கள் கோயிலுக்குள் மேளமும் கீபோர்டும் அடங்கிவிட வேண்டும். போன ஆண்டு புதிதாக வந்த சுவாமியார் கரண்ட் கிற்றாரையும் வேண்டாம் என்றுவிட்டார். மரக்கிற்றார் என்றால் பரவாயில்லை, அது அடக்கமான சத்தம் என்றார். பாடகர் குழுவை நடத்துகிற வினோஜா ரீச்சருக்குக் கவலை. பிடிமானத்துக்கு ஒரு வாத்தியமும் இல்லாவிட்டால் சிலுவைப்பாதையின் மூன்றாம் நிலைக்கு வருமுன் பிள்ளைகள் ஆளுக்கொரு சுருதியில் போய்விடுவார்கள். அவர் நேரே எமில் அண்ணை வீட்டுக்குப் போய், "அங்கிள், உங்கடை அறைச்சுவரிலை உறை போட்டு ஒரு மரக்கிற்றார் தொங்குதுதானே, அதைக் கொண்டாங்கோவன்," என்று கேட்டுவிட்டார். ரீச்சர் இடமாற்றத்தில் வந்தவர். அந்தக் கிற்றாரின் கதை அவருக்குத் தெரியாது.

எமில் அண்ணை கையிலிருந்த குறட்டைப் பார்த்தபடி நின்றார். றெஜினா அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "அது வாசிக்கிறதுக்கில்லைப் பிள்ளை. அது எங்கடை ஜெறோமின்ரை," என்றார்.

ஜெறோம் அவர்களின் ஒரே பிள்ளை. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஆஸ்திரேலியாவுக்கென்று படகேறப் போனான். ஆளுக்கொரு சின்னப் பைதான் என்று சொல்லிவிட்டார்களாம். கிற்றாரை உறைக்குள் போட்டுச் சுவரில் கொழுவிவிட்டு, "விசா கிடைச்சவுடனை வந்து நான்தான் எடுப்பன், ஒருத்தரும் தொடக்கூடாது," என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனான். "ஏறீட்டம் அம்மா" என்று ஒரு போன் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அந்தப் படகு கரை சேரவில்லை. கடலில் தாண்டுபோனது என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. ஏதோ ஒரு தீவில் வைத்திருக்கிறார்களாம் என்று இடைக்கிடை யாராவது ஒரு கதை கொண்டுவருவார்கள். றெஜினா அக்கா அவர்களை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அதே கதையை இரண்டாம் தரமும் சொல்லச் சொல்லிக் கேட்பார். எமில் அண்ணை அந்த நேரம் எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார்.

ஒருநாள் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "கம்பியை இளக்காமல் கொழுவிப்போட்டுப் போயிட்டான் தம்பி. ஆறு கம்பியும் இறுக்கி இழுத்தபடி இவ்வளவு காலம் கிடக்கு. கழுத்து வளைஞ்சிருக்கும், பலகை விட்டிருக்கும். திறந்து பாக்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும்."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"அவவுக்கு ஏன்?" என்றார். அடுத்த கம்பிச்சுருளை எடுத்துச் சுற்றத் தொடங்கினார்.

தான் என்ன கேட்டுவிட்டோம் என்பது பிறகு வினோஜாவுக்குத் தெரியவந்து, அந்தப் பிள்ளை அழுதேவிட்டதாம். பாரிஸில் இருக்கும் தன் தம்பிக்குச் சொல்லி, ஊருக்கு வந்த ஒருவரிடம் இந்தப் பெட்டியை எடுப்பித்தார். கரண்ட் கிற்றாரின் வயரை இதற்குள் செருகி, இதிலிருந்து ஸ்பீக்கருக்கு இன்னொரு வயர் இழுத்தால், மரக்கிற்றாரைப் போலக் கேட்கும். ஒரு திருகு மரப்பெட்டியின் முழக்கத்தைக் கூட்டும். இன்னொன்று கம்பியின் கீச்சைக் கூட்டும்.

எமில் அண்ணை முதலில் பெட்டியை மணந்து பார்த்தார். பிறகு ஒரு கிழமை அதோடேயே கிடந்தார். மெல்லிய கம்பிகளைக் கழற்றி தடித்த கம்பி போட்டார். மாஜரின் டப்பா மூடியை வெட்டிக் கம்பியைச் சுண்டுகிற தகடு செய்தார். கடையில் வாங்குகிற தகட்டுக்கு இந்தச் சரசரப்பு வராதாம். "பெட்டி பாதிதான் தம்பி செய்யும். மிச்சப் பொய்யைக் கைதான் சொல்லோணும்," என்றார். சரியாக வந்த அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை, அந்த நீலச் சேட்டுப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சந்தோசம் ஒரு பின்னேரம்கூட நிலைக்கவில்லை. பட்டறையிலிருந்து பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், முன் அறையில் வயர்களைக் கொழுவி வாசிக்கத் தொடங்கினார். றெஜினா அக்கா பின்னால் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். வாளி விழுகிற சத்தம் கேட்டது. சவர்க்கார நுரை வழிகிற கைகளோடு ஓடிவந்து வாசலில் நின்றார்.

"அவ என்னைப் பாக்கேல்லைத் தம்பி," என்று பின்பு எமில் அண்ணை எனக்குச் சொன்னார். "எனக்குப் பின்னாலை பாத்தவ. அவன் இருந்து வாசிக்கிற கதிரையைப் பாத்தவ. பிறகு அறைக்குள்ளை போய் உறையைத் தடவிப் பாத்திட்டு வந்தவ. வந்து வயரைப் பாத்தவ. திரும்பிப் போய் மிச்ச உடுப்பையும் தோய்ச்சவ."

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். ஆனால் அடுத்த நாள் பின்னேரம் றெஜினா அக்காவே வந்து, "இஞ்சேருங்கோ, உந்தப் பெட்டியைப் போட்டு ஒருக்கால் வாசியுங்கோ. நான் கிணத்தடியிலை நிக்கிறன்," என்றாராம்.

அன்று தொடங்கியது. ஒவ்வொரு பின்னேரமும் எமில் அண்ணை முன் அறையில் சுவரைப் பார்த்தபடி இருந்து வாசிப்பார். றெஜினா அக்கா கிணற்றடியில், கழுவின பானையைத் திருப்பிக் கழுவிக்கொண்டு நின்று கேட்பார். அங்கே நின்றால் வாசிக்கிற ஆள் தெரியாது. ஒருநாள் அங்கே என்னைக் கண்டதும், நான் கேட்காமலே சொன்னார்: "எனக்கு விசரில்லைத் தம்பி. அவரெண்டு தெரியும். ஆனா கேக்கிற நேரம் மட்டும், பிள்ளை வீட்டிலை நிக்கிறான் எண்ட மாதிரி ஒரு ஆறுதல். வேறை எனக்கு என்ன கிடக்கு?"

கோயிலிலும் பெட்டி எடுபட்டது. சிலுவைப்பாதை முடிந்ததும் சுவாமியார் வந்து, "பாத்தீங்களே, மரக்கிற்றார் எண்டால் எவ்வளவு அடக்கம்," என்று கையைக் குலுக்கினார். கீழே கிடந்த பெட்டியை எமில் அண்ணையின் கால் மறைத்துக்கொண்டிருந்தது. பாடகர் குழுப் பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு வினோஜாவுக்குத்தான் தெரியும்.

தவக்காலம் முடிந்து பாஸ்காப் பெருநாளும் போனது. வீட்டு வாசிப்பு மட்டும் நிற்கவில்லை. ஆனால் றெஜினா அக்காவின் முகம் மெல்ல மெல்ல மாறுவதை எமில் அண்ணை கவனித்திருக்கிறார். ஒருநாள் அக்கா சொல்லிவிட்டார்: "சத்தம் அவன்ரைதான். வாசிப்பு உங்கடை. அந்த மாதா பாட்டிலை அவன் ஒரு இடத்திலை இடறுவானெல்லோ? நீங்கள் இடறாமல் போறியள்."

உண்மைதான். அந்தப் பாட்டில் ஓர் இடத்தில் சுட்டுவிரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டும். ஜெறோமின் விரல் நேராகப் படுக்காது. இரண்டாம் கம்பி அழுந்தாமல், சத்தம் செத்து "டப்" என்று விழும். எமில் அண்ணை அதற்காக அவனைப் பேசாத பேச்சில்லை. "ஆறும் கேக்கோணும், அஞ்சு கேட்டால் வாசிப்பில்லை எண்டு கத்துவன் தம்பி. வீட்டை விட்டுப் போற கிழமையும் பேசினனான். ஒருநாளாவது நல்லா வாசிச்சனீ எண்டு அவனுக்குச் சொல்லேல்லை. சொல்லியிருக்கலாம்," என்றார்.

அதன்பிறகு அவர் இடறப் பழகினார். மோட்டர் வேலைகளுக்கு நடுவே வயர் போடாத கிற்றாரை மடியில் வைத்து, அந்த ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். நன்றாக வாசிக்கத் தெரிந்த கைக்குப் பிழை இலேசில் வராது. சில நேரம் ஒரு கம்பிக்குப் பதிலாக இரண்டு சாகும். சில நேரம் ஆறும் சுத்தமாகக் கேட்டுவிடும். கேட்டால் தன்னையே திட்டிக்கொள்வார். வெங்காயக்காரர் வந்து வாசலில் நிற்பார்கள். ஏறிட்டும் பார்க்க மாட்டார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், பிள்ளையின் பிழையை இப்படிக் குனிந்திருந்து படித்தார்.

போன மாதம் மோட்டர் எடுக்கப் போன பின்னேரம் நானும் அந்த முன் அறையில் இருந்தேன். செருப்பைக் கழற்றினார், பெட்டியை மிதித்தார், மாதா பாட்டைத் தொடங்கினார். பின்னால் கிணற்றடியில் பானை உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இடம் வந்ததும் "டப்" என்று ஒரு கம்பி செத்தது. ஒரு கம்பிதான். ஜெறோம் வாசித்ததைக் கேட்டவன் நான். நானே ஒரு கணம் வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

கிணற்றடிச் சத்தம் நின்றுவிட்டது.

றெஜினா அக்கா உள்ளே வந்தார். அழவில்லை. எமில் அண்ணையின் முன்னால் குனிந்து, காலால் மிதிக்கிற அந்தப் பெட்டியைக் கையால் அழுத்தினார். சிவப்பு வெளிச்சம் அணைந்தது.

"காணும், நிப்பாட்டுங்கோ," என்றார். "இவ்வளவு சரியா வாசிச்சால், இனி அவன் வரத் தேவையில்லை எண்ட மாதிரிக் கிடக்கு. அவன் வரோணும். நீங்கள் உங்கடை வாசிப்பை வாசியுங்கோ. எவ்வளவு காலமாச்சு அதைக் கேட்டு."

சொல்லிவிட்டு, கிணற்றடிக்குத் திரும்பிப் போகாமல், எங்களுக்கு முன்னால் நிலத்திலேயே அமர்ந்தார். கணவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எமில் அண்ணை பாட்டை முதலிலிருந்து தொடங்கினார். பெட்டியின் உதவி இல்லாமல் கரண்ட் கிற்றார் மெலிந்த, கூரான தன் சொந்தச் சத்தத்தில் கேட்டது. அந்த நீலச் சேட்டுக்காரனின் கைதான். நிதானமும் நேர்த்தியும் அப்படியே இருந்தன. றெஜினா அக்கா தலையை மெல்ல அசைத்தார்.

அந்த இடம் வந்தது. எமில் அண்ணையின் சுட்டுவிரல் ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே நேராகப் படுத்தது. பிறகு, அவரைக் கேளாமலே, அதன் அடிக்கணு கொஞ்சமாக எழும்பி இரண்டாம் கம்பியைக் கைவிட்டது.