அவள் சொன்னதும் நான் வாசித்ததும்

ஓசூரில் ஆங்கில இலக்கியம் படித்தபோது, எங்கள் வகுப்பில் நன்றாக ஆங்கிலம் பேசுகிறவள் என்று எனக்குப் பெயர். அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அப்பா வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தவர், தொழிற்சாலையில் சூப்பர்வைசர். என்னை முதல் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் மீடியத்தில் போட்டார்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கர்நாடக எல்லையில் இருக்கும் தளிப் பக்கத்துக்காரி. வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ். காலையில் கல்லூரி, மதியம் இரண்டு மணிக்கு ஒரு கம்பெனியில் ஷிஃப்ட். சின்னச் சின்ன உதிரிபாகங்களை லென்ஸ் வழியாகப் பார்த்துப் பிரிக்கும் வேலை. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படிக்க அகராதியோடு அரை மணி நேரம் போராடுவாள். ஆனால் படித்துவிடுவாள். நானோ கைடை மட்டும்தான் புரட்டுவேன்.

இரண்டாம் ஆண்டில், உலக இலக்கியத் தாளில் ஒரு பனி தேசத்துக் கதை இருந்தது. ஒரு தையல்காரி பணக்கார வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாண உடை தைக்கிறாள். தைத்து முடித்த அன்று யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். ஏன் போனாள் என்று கதையில் இல்லை. காதல் தோல்வி என்றது கைடு. நானும் செமினாரில் அதையே சொல்வதாக இருந்தேன்.

பேருந்துக்குக் காத்திருந்தபோது அவளிடம் கேட்டேன்.

“காதலெல்லாம் இல்லப்பா” என்றாள். “கதை பூரா அவ உக்காந்தேதான் இருக்கறா. எந்திரிச்சான்னு ஒரு வரி கூட இல்ல. நானும் தேடிப் பாத்துட்டன். கடைசியிலதான் எந்திரிக்கறா. எந்திரிச்சவ அப்படியே நடந்துட்டா, அவ்ளோதான். எனக்கே ஷிஃப்ட் முடியறப்ப அப்படித் தோணும்.”

வீட்டுக்கு வந்து கதையை முதன்முறையாக முழுதாகப் படித்தேன். அவள் சொன்னது உண்மை. அன்றே அதை நல்ல ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினேன். மறுநாள் செமினாரில் வாசித்து முடித்ததும், அந்தத் தாளை நடத்திய மேடம் என் பக்கம் திரும்பினார்.

“இத்தனை வருஷமா இந்தக் கதைய நடத்தறேன். இது என் கண்ணுல படல. உனக்கு எப்படித் தோணுச்சு?”

“படிக்கறப்பவே தோணுச்சு மேடம்” என்றேன்.

வகுப்பே கை தட்டியது. அவளும் தட்டினாள். வெளியே வந்ததும், “இங்கிலீஷ்ல கேட்டா பெரிய விஷயமாட்டம் இருக்குது” என்று சிரித்தாள். அவள் கோபப்படவில்லை என்று நிம்மதியாக இருந்தது. அது அவள் சொன்னது என்று மேடத்திடம் அப்போதே சொல்லியிருக்கலாம்.

அடுத்த மாதம் எல்லோரும் அதே கதையைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் தனக்குத் தோன்றியதையே தன் உடைந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். மேடம் துறை அறைக்குக் கூப்பிட்டார். துணைக்கு வா என்று அவள் என்னையும் அழைத்துப் போனாள்.

“ஃப்ரெண்டு சொன்னத அப்படியே எழுதினா எப்படிம்மா? தப்பாவே இருந்தாலும் பரவால்ல, சொந்தமா யோசிச்சு எழுதணும்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேடத்தின் மேஜையில் இருந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரிங்க மேடம்” என்றாள்.

கைடைப் பார்த்துப் புதிதாக எழுதிக் கொடுத்தாள். காதல் தோல்வி என்றுதான் எழுதியிருந்தாள். அதன்பிறகு கதைகளைப் பற்றி என்னிடம் பேசவில்லை. மற்றபடி எப்போதும்போல் பேசினாள், சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டாள். மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில், கம்பெனியில் முழுநேர வேலை கிடைத்ததென்று படிப்பை நிறுத்திவிட்டாள். அவள் போன பிறகுதான் மேடத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அவ இருந்தப்ப சொல்லிருக்கணும்மா” என்றார்.

போன வருடம் ஜூஜுவாடி பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். கம்பெனி சீருடையில் இருந்தாள். நான் இப்போது ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன் என்றதும் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

“செமினார்ல நீ வாசிச்சது எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு” என்றாள். “ஆனா மேடம் என்னைத் திருடி மாதிரி பாத்தாங்க இல்ல, அப்ப நீ பக்கத்துலதான இருந்த.”

அவளுடைய பேருந்து வந்தது. “வரன்பா” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.