கூடத்துச் சுவரில் ஒரு கருவேல மரம்

சென்னையில் நடந்த ஒரு கண்காட்சியில் நான் எடுத்த புகைப்படத்தின் முன்னால் ஒரு அம்மாள் வெகு நேரம் நின்றார். வறண்ட கண்மாய்க்குள் மார்கழிப் பனிமூட்டத்தில் ஒற்றையாய் நிற்கும் சீமைக்கருவேல மரம், அதன் உச்சியில் ஒரு கொக்கு, எல்லாம் கறுப்பு வெள்ளையில். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு தனிமை என்றார். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்காட்சி முடிந்ததும் அந்தப் பெரிய சட்டத்தைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு, நயினார்கோவில் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினேன்.

அய்யா ஒரு பார்வை பார்த்தார். அவர் ஆயுசில் பாதி அந்த மரத்தை வெட்டுவதிலும் தூர் தோண்டுவதிலும் போயிருக்கிறது. கொஞ்சம் அசந்தால் வயலே முள்ளாகிவிடும். எங்கள் பக்கத்தில் ஒருவர் நிலத்தில் கருவேலம் மண்டிக் கிடந்தால், அந்த வீட்டில் உழைக்க ஆளில்லை என்று அர்த்தம். "வெட்டி எறியுற முள்ளக் கொண்டாந்து வீட்டுக்குள்ள மாட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். ரசனை கெட்ட மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தங்கையைப் பெண் பார்க்கக் கடலாடிப் பக்கத்திலிருந்து வருவதாக இருந்தது. பையனும் அவளும் ராமநாதபுரத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். இருவருக்கும் பிடித்துப்போய், மற்றப் பெரியவர்களும் ஒருவழியாக இறங்கி வந்திருந்தார்கள். பையனின் அப்பா தலையாட்டுவது ஒன்றுதான் பாக்கி. அவர் விவசாயி, கறார்ப் பேர்வழி. "அண்ணே, அவரு முன்னால லென்ஸ் கதையெல்லாம் பேசிராத" என்று தங்கை கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டாள். வாயையே திறப்பதில்லை என்று சத்தியம் செய்தேன். திறக்கவும் இல்லை. பேசியதெல்லாம் படம்தான்.

எங்கள் ஊர்களில் கூடத்துச் சுவரில் சாமி இருக்கும், செத்துப்போனவர்கள் இருப்பார்கள். அதை விட்டால், சொந்தமாக வைத்திருப்பதில் எது பெருமையோ அது இருக்கும். மாடு வைத்திருப்பவர் மாட்டை மாட்டுவார், டிராக்டர் வாங்கியவர் டிராக்டர் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை மாட்டுவார். அழகாக இருக்கிறது என்பதற்காக யாரும் எதையும் மாட்டுவதில்லை. போதாக்குறைக்கு, அன்று காலையில் எல்லாச் சட்டங்களையும் துடைத்த அம்மா, கை வேகத்தில் கருவேல மரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு முழம் மல்லிகையும் சாத்திவிட்டார்.

வந்தவர் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்தார். பஜ்ஜியை எடுத்தவர் படத்தைப் பார்த்தார். பஜ்ஜி திரும்பத் தட்டுக்கே போனது. சென்னை அம்மாளைவிட அதிக நேரம் பார்த்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனிதர் உருகுகிறார் என்றே நம்பினேன்.

அவர் மனைவியின் பக்கம் சாய்ந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி ரகசியம் சொன்னார். "நெலத்த முள்ளுக்கு விட்டுட்டு, அதுக்குப் பொட்டு வேற வச்சிருக்காக."

காப்பித் தட்டோடு வந்த தங்கை என்னை முறைத்தாள். பையன் தரையைப் பார்த்தான். அது ஊர்க் கண்மாய் மரம், எங்கள் நிலத்து மரமில்லை என்று நான் ஆரம்பிப்பதற்குள், அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "வாங்க. எங்கன முள்ளு நிக்கிதுன்னு நீங்களே காட்டுங்க" என்றார்.

பட்டு வேட்டியும் பட்டுச் சேலையுமாகப் பெண் பார்க்க வந்த கூட்டம், சுள்ளென்ற வெயிலில் எங்கள் மிளகாய்க் காட்டு வரப்பில் ஊர்வலம் போனது. பையனின் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மூலை மூலையாக நடந்து பார்த்தார். காலில் ஒரு முள் ஏறியிருந்தால் சம்பந்தம் அங்கேயே முறிந்திருக்கும். தங்கைக்காக நான் வேண்டாத சாமியில்லை. முள் ஏறவில்லை. கடைசி வரப்பில் குனிந்து மண்ணைக் கிளறியவர், தூரை எப்படி முழுசாக எடுக்கிறீர்கள் என்று அய்யாவிடம் கேட்டார். வீட்டில் பஜ்ஜி ஆறி, சூடாகி, மறுபடி ஆறும்வரை இருவரும் அதையே பேசினார்கள். திரும்பி வரும்போது ஒருவரையொருவர் சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள்.

கிளம்பும்போது பையனின் அம்மா, சீர்வரிசையில் அந்தப் படத்தை மட்டும் வைத்துவிட வேண்டாம் என்று என் அம்மாவிடம் தனியாகக் கேட்டுக்கொண்டாராம். அதனாலோ என்னவோ, கல்யாணமாகிப் போகும்போது தங்கை பிடிவாதமாக அதைத்தான் கேட்டு வாங்கிப் போனாள்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். படம் அவர்கள் கூடத்தில் தொங்கியது, பொட்டில்லாமல். காலையில் அவள் மாமனார் காப்பி டம்ளரோடு அதன் எதிரே உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டம்ளரைக் கீழே வைத்தார், கதவு மூலையில் இருந்த அருவாளை எடுத்தார், வயலுக்குக் கிளம்பினார். தினமும் இதே கதைதான் என்றாள் தங்கை. அதைப் பார்த்தால்தான் அவருக்குக் கை பரபரக்கிறதாம். அவர்கள் நிலத்தில் இப்போது மருந்துக்கும் முள் இல்லை.

வாசலைத் தாண்டியவர் திரும்பி என்னைப் பார்த்தார். "தம்பி, இதவிடப் பெருசா ஒண்ணு போட்டுக் குடுப்பா. பக்கத்துக் காட்டுக்காரன் வீட்டுல மாட்டணும்."

கொக்கை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"கொக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.