தழும்பு தெரிகிற பக்கம்

மாதாப்பூர் அலுவலகத்தில் எல்லாரும் டிஜிட்டல் கேமராவுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை வாங்கி அலட்டிக்கொண்டிருந்தேன். விடுமுறை வந்தால் போதும், அகப்பட்டவர்களை ஜன்னலோரம் உட்காரவைத்து, "தாடையை இறக்கு, தோளைத் திருப்பு" என்று உயிரை வாங்குவேன். என்னைக் கண்டாலே நண்பர்கள் நழுவினார்கள்.

தானாக வந்து மாட்டியவள் என் பக்கத்து இருக்கைத் தோழிதான். பல தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். சின்ன வயதில் வெந்நீர் கொட்டியதில் அவளுடைய இடக்கன்னத்தில் ஒரு தழும்பு. வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் போட்டோவில் எப்போதும் வலக்கன்னம்தான் இருக்கும். அதைப் பார்த்து ஆசையாக வருவார்கள். நேரில் பார்த்ததும் பஜ்ஜியைக்கூட முடிக்காமல், "ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புறோம்" என்று எழுந்துவிடுவார்கள். இரண்டு முறை அப்படி ஆயிற்று. கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடியும் ஒரு வரன். "நீ நல்லா எடுப்பியாமே. அந்தப் பக்கம் தெரியாம ஒண்ணு எடுத்துக் குடும்மா" என்று அவள் அம்மா கேட்டார். அரை மனதோடுதான் சரி என்றேன். ஆனால் அவளை என் அறை ஜன்னலோரம் உட்காரவைத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. பாதி முகத்தில் வெளிச்சம், மறுபாதி நிழல்; தழும்பு நிழலுக்குள். இதுபோல நான் எடுத்ததே இல்லை என்று குதித்தேன்.

ரோல் முடிந்திருக்க வேண்டும். ஃபிலிமை நகர்த்தும் லீவரோ அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. பின்மூடியைத் திறந்தேன். ஃபிலிமின் நுனி உருளையில் மாட்டவே இல்லை. காலையிலிருந்து வெறும் கேமராவைச் சொடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஒண்ணுமே விழலயா?" என்றாள்.

"ஒண்ணுகூட இல்ல."

திட்டுவாள் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வெளிச்சம் இடக்கன்னத்தில் விழும்படி உட்கார்ந்தாள்.

"இப்பவாவது ஒழுங்கா மாட்டு."

"அம்மா கேட்டா?"

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

லென்ஸை நேராகப் பார்த்தாள். தாடை, தோள் எதையும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அப்படியே சொடுக்கினேன்.

பிரிண்ட் வந்ததும் அவள் வீட்டுக்கே கொண்டுபோனேன். தழும்பு அப்பட்டமாகத் தெரிந்தது. அதோடு சேர்த்துதான் அவள் அழகாக இருந்தாள், சத்தியமாகச் சொல்கிறேன். அவள் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"இதையா அனுப்புறது? இன்னொண்ணு எடுக்கலாமே?"

"நக்கோ மா, வேணாம்," என்று அவள் போட்டோவை வாங்கி உறைக்குள் போட்டு ஒட்டினாள். "வந்து பாத்துட்டுப் போறதுக்குப் பதிலா, இதைப் பாத்துட்டு வரட்டும்."